பத்தடித் தூரத்தில் இரண்டு பலகைகள்

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் 2011 அக்டோபர் 13ஆம் நாள் ஒரு சிறு காட்சி அரங்கேறியது. வழக்கு ஆப்பிள் நிறுவனத்துக்கும் சாம்சங் நிறுவனத்துக்கும் இடையிலானது. நீதிபதி லூசி கோ தம் இருக்கையில் இருந்தபடியே இரண்டு கருவிகளைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். ஒன்று ஆப்பிளின் ஐபேட், மற்றது சாம்சங்கின் கேலக்ஸி டேப் 10.1. இவற்றில் உங்கள் கட்சிக்காரருடையது எது என்று சாம்சங்கின் வழக்கறிஞர் கேத்லீன் சல்லிவனிடம் கேட்டார். சல்லிவன் ஏறத்தாழப் பத்தடித் தூரத்தில் நின்றிருந்தார். இந்தத் தூரத்திலிருந்து தம்மால் சொல்ல இயலாது என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உங்களில் வேறு யாராலேனும் முடியுமா என்று நீதிபதி மீண்டும் கேட்டபோது, சற்றுத் தயங்கி இன்னொரு வழக்கறிஞர் சரியாகச் சொன்னார்.

அன்று உலகமெங்கும் கடைகளில் நின்றுகொண்டு இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். எது எது என்பது அவர்களுக்குத் தெரியும். எதை வாங்குவது என்பதுதான் தெரியாது. பத்திரிகைகளும் இணையதளங்களும் கட்டம் போட்டு ஒப்பிட்டுத் தந்தன: எடை, தடிமன், நினைவகம், ஒளிப்படக் கருவி, மின்கலம் தாங்கும் நேரம். அப்படி ஒப்பிட்டு ஒன்றை வாங்கியவன் என்ற முறையில், அந்தப் போட்டியின் வரலாற்றை இப்போது திரும்பிப் பார்க்கும்போது, ஒப்பிட வேண்டியதை எவரும் ஒப்பிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் உட்பட, கடைசி ஒரு வாரம் நீங்கலாக.

முதலில் இவ்விரண்டும் ஒன்றுபோல் இருக்கவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் தன் ஐபேடை அறிவித்தது 2010 சனவரி 27 அன்று. 9.7 அங்குலத் திரை, 680 கிராம் எடை, அமெரிக்காவில் 499 டாலரிலிருந்து விலை. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் காட்டிய முதல் கேலக்ஸி டேப் 7 அங்குலம். எடை 380 கிராம். கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம், தொலைபேசியாகவும் பேசலாம். இந்தியாவுக்கு சாம்சங்கே முந்திக்கொண்டது. 2010 நவம்பரில் 38,000 ரூபாய் விலையில் அது இங்கே வந்தது. ஐபேட் வந்தது 2011 சனவரி இறுதியில். தொடக்க விலை 27,900 ரூபாய். சிறியது விலை கூடியதாகவும் பெரியது விலை குறைந்ததாகவும் இருந்த அந்த விநோதம் பலரைக் குழப்பியது. சிறியதில் முன்னும் பின்னும் ஒளிப்படக் கருவி உண்டு, நினைவக அட்டை செருகலாம், ஃப்ளாஷ் ஓடும். ஐபேடில் இவற்றில் ஒன்றுமே இல்லை. கட்டம் போட்டு ஒப்பிட்டால் சாம்சங்கே வெல்ல வேண்டும். ஆனால் அதில் இருந்த ஆண்ட்ராய்ட் 2.2 பதிப்பு பலகைக் கணினிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டதல்ல என்று கூகுள் தரப்பிலிருந்தே அந்தச் செப்டம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். கைப்பேசிக்குத் தைத்த சட்டையைப் பெரிய பிள்ளைக்குப் போட்டுவிட்டதுபோல்தான்.

2010 அக்டோபர் 18 அன்று முதலீட்டாளர்களிடம் பேசிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஏழு அங்குலப் பலகைகளைக் கேலி செய்தார். பிறக்கும்போதே செத்தவை என்று அவற்றைச் சொன்னதோடு, இவற்றோடு உப்புத்தாளும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குபவர் தம் விரல்களைக் கால்வாசியாகத் தேய்த்துக்கொண்டு பயன்படுத்த முடியும் என்றார். அவருடைய வாதத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. திரையைச் சுருக்கலாம், புள்ளிகளை நெருக்கலாம். மனித விரலைச் சுருக்க முடியாது.

இக்கதையின் மறுபாதி பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகவே வெளியே வந்தது. 2011 சனவரி 24 அன்று, அதாவது அந்தக் கேலிக்கு மூன்று மாதம் கழித்து, ஆப்பிளின் உயர் நிர்வாகிகளுள் ஒருவரான எடி கியூ, டிம் குக் உள்ளிட்ட சக நிர்வாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஐபேடைத் தூக்கிப்போட்டுவிட்டு கேலக்ஸி டேபுக்கு மாறிய ஒரு பத்திரிகையாளரின் கட்டுரையை அனுப்பி, தாமும் அந்தச் சாம்சங் கருவியைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், அக்கட்டுரையின் கருத்துகளில் பலவற்றை ஏற்பதாகவும் எழுதியிருக்கிறார். ஏழு அங்குலத்துக்குச் சந்தை உண்டு, நாமும் ஒன்று செய்ய வேண்டும். நூல், மின்னஞ்சல், காணொளி ஆகியவற்றுக்கு அந்த அளவு கவர்ச்சியாக இருக்கிறது. இணையப் பக்கங்களைப் படிப்பதில்தான் பின்தங்குகிறது என்பது அவர் கருத்து. இதை ஜாப்ஸிடம் பலமுறை சொன்னதாகவும், கடைசியாகச் சொன்னபோது அவர் காது கொடுத்துக் கேட்டதாகவும் அந்த அஞ்சலில் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் ஒப்பீட்டுக் கட்டுரைகளிலேயே மிகவும் நேர்மையானது எது என்று கேட்டால், எதிரியின் கருவியை வாங்கிக் கையில் வைத்துப் படித்துப் பார்த்த இந்த மனிதரின் சில வரி மின்னஞ்சலைத்தான் நான் சொல்வேன். ஆப்பிளின் 7.9 அங்குல ஐபேட் மினி 2012 அக்டோபர் 23இல் அறிவிக்கப்பட்டது. எடை 308 கிராம். உப்புத்தாள் எதுவும் உடன் வரவில்லை.

ஆப்பிள் சிறியதை நோக்கி நகர்ந்த அதே காலத்தில் சாம்சங் பெரியதை நோக்கி நகர்ந்தது. 2011 பிப்ரவரியில் பார்சிலோனா கண்காட்சியில் 10.1 அங்குல கேலக்ஸி டேபைக் காட்டியது, தடிமன் 10.9 மில்லிமீட்டர். மூன்று வாரங்கூட ஆகவில்லை, மார்ச் 2 அன்று 8.8 மில்லிமீட்டர் தடிமனில் ஐபேட் 2 அறிவிக்கப்பட்டது. தம் கருவியில் போதாமைகள் இருப்பதாகவும் அவற்றைச் சீர்செய்ய வேண்டும் என்றும் சாம்சங்கின் நிர்வாகி ஒருவர் கொரியச் செய்தி நிறுவனமொன்றிடம் ஒப்புக்கொண்டார். அம்மாதம் 22ஆம் தேதி, அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் சாம்சங் மறுபடியும் மேடையேறி அதே பெயரில் புதிய வடிவத்தைக் காட்டியது. தடிமன் 8.6 மில்லிமீட்டர். ஐபேடைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவு. இரண்டு தாள்களின் கனம் இருக்குமா என்ன? அந்த இரண்டு தாள் கனத்துக்காக ஒரு பெரும் நிறுவனம் ஏற்கெனவே உலகத்துக்குக் காட்டிவிட்ட ஒன்றைத் திரும்ப வரைந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐபேடின் மூளையாகிய ஏ4 சில்லையும், ஐபேட் 2இன் ஏ5 சில்லையும் ஆப்பிளுக்காகத் தன் ஆலைகளில் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது சாம்சங்தான். வாங்குபவர் எதை வாங்கினாலும் சாம்சங்குக்குக் காசு போய்ச் சேர்ந்தது. இதை அறிந்த பிறகு, ஒன்றை வாங்கி மற்றதைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்ட இரு தரப்பு அபிமானிகளின் இணையச் சண்டைகளை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

உருவம் நெருங்க நெருங்க வழக்குகள் தொடங்கின. 2011 ஆகஸ்டு 9 அன்று செர்மனியின் டூசல்டார்ஃப் நீதிமன்றம் கேலக்ஸி டேப் 10.1இன் விற்பனைக்கு நெதர்லாந்து நீங்கலான ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு தடையின் எல்லை சுருங்கினாலும் செர்மனியில் அது நிலைத்தது. அந்த வழக்கில் ஆப்பிள் கொடுத்த படங்களைப் பற்றி அந்த ஆகஸ்டு மாதமே ஒரு டச்சு இணையதளம் ஒரு செய்தியை வெளியிட்டது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் முக்கியமானதாகத் தோன்றுவது அதுதான். கேலக்ஸி டேப் 10.1 உண்மையில் 256.7 மில்லிமீட்டர் நீளமும் 175.3 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.46 வரும். ஆவணத்தில் இருந்த படத்திலோ அந்த விகிதம் ஏறத்தாழ 1.36 ஆக இருந்தது. ஐபேட் 2இன் விகிதம் 1.30. அதாவது படத்தில் சாம்சங் பலகை உண்மையைவிடக் குட்டையாகவும் பருமனாகவும், எனவே ஐபேடுக்கு நெருக்கமாகவும் தெரிந்தது. இது தவறா, திட்டமிட்ட செயலா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டையும் ஒன்றெனக் காட்ட வேண்டுமானால் எதை மாற்ற வேண்டியிருந்தது என்பதைத்தான் கவனிக்கிறேன். மாற்றப்பட்டது விகிதம். அப்படியானால் வேறுபாடும் அங்கேதான் இருந்தது.

ஐபேடின் திரை நான்குக்கு மூன்று. சாம்சங்கின் திரை பதினாறுக்குப் பத்து. ஐபேடில் ஒற்றைப் பொத்தான் கீழே இருந்தது. அதுவே இதை நெட்டுவாக்கில் நிறுத்திப் பிடி என்று கைக்குச் சொல்லிவிடும். கேலக்ஸி டேப் 10.1இல் பொத்தான் இல்லை. நிறுவனத்தின் பெயர் நீளவாட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. படுக்கைவாக்கில் பிடித்துத் திரைப்படம் பார் என்றது. ஒன்று ஏடு, மற்றது திரை என்று அக்காலத்தில் சிலர் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அது எவ்வளவு அரைகுறையான முடிவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நடந்த வழக்கு இன்னும் சுவையானது. ஐரோப்பிய வடிவமைப்புச் சட்டத்தில் 'விவரமறிந்த பயனர்' என்றொரு கற்பனை மனிதர் உண்டு. அவர் நிபுணரும் அல்லர், ஒன்றும் தெரியாதவரும் அல்லர். பொருளில் ஆர்வம் உடையவர், இதற்கு முன் வந்தவற்றை அறிந்தவர், முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர். சட்டம் இவ்வளவு நுட்பமாக ஒரு வாடிக்கையாளரைப் படைத்திருப்பது வியப்பாக இருக்கிறது. கதாபாத்திரப் படைப்பில் நம் நாவலாசிரியர்கள் சிலர் இவரிடம் பாடம் கேட்கலாம். 2012 சூலை 9 அன்று நீதிபதி காலின் பிர்ஸ், இந்தக் கற்பனை மனிதரின் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார். ஒப்பிடப்பட்டது ஐபேட் அன்று, ஆப்பிள் பதிவு செய்திருந்த ஒரு வடிவமைப்பு. சாம்சங் பலகைகளில் அந்த வடிவமைப்பின் மிகையற்ற எளிமை இல்லை; அதைப்போல் அவை வசீகரமானவையும் அல்ல; ஆகவே நகல் அல்ல. சாம்சங் வென்றது, ஆனால் அழகில் குறைந்தது என்பதனால் வென்றது. இப்படியொரு வெற்றியைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள முடியுமா தெரியவில்லை.

சாம்சங் நகலெடுக்கவில்லை என்று ஆப்பிள் தன் இணையதளத்திலும் செய்தித்தாள்களிலும் அறிவிக்க வேண்டும் என்றும் உத்தரவானது. எழுத்துருவையும் அளவையுங்கூட நீதிமன்றம் விட்டுவைக்கவில்லை. செய்தித்தாளில் ஏரியல் 14 புள்ளிக்குக் குறையக்கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 18 அன்று தீர்ப்பை உறுதி செய்தபின் ஆப்பிள் அறிவிப்பை வெளியிட்டது. ஆனால் தன்னைப் புகழ்ந்து பிர்ஸ் சொன்னவற்றையும், வேறு நாடுகளில் தனக்குச் சாதகமாக வந்த தீர்ப்புகளையும் அதில் சேர்த்துக்கொண்டது. நவம்பர் 1 அன்று நீதிபதிகள் சினந்து அதை நீக்கச் சொன்னார்கள். திருத்திய அறிவிப்பை இணையதளத்தில் ஏற்ற பதினான்கு நாள் வேண்டும் என்று ஆப்பிள் கேட்க, நாற்பத்தெட்டு மணி நேரந்தான் என்றார்கள்.

அமெரிக்காவிலும் முடிவு இவ்வாறே ஏறுக்குமாறாக வந்தது. அங்கே ஆப்பிள் நம்பியிருந்தது 2004இல் விண்ணப்பித்து 2005இல் பெற்ற ஒரு வடிவமைப்புக் காப்புரிமையை. ஐபேட் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே வரையப்பட்ட, முனை மழுங்கிய ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகம் உங்களுக்கு முன்பே இருந்தது என்பது சாம்சங்கின் வாதம். சான்றாக ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் ஒரு காட்சியை 2011 ஆகஸ்டில் முன்வைத்தார்கள். விண்வெளி வீரர் இருவர் சாப்பிட்டுக்கொண்டே மேசைமேல் கிடக்கும் தட்டையான திரைகளைப் பார்ப்பார்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல் வடிவத்தில் அக்கருவிக்கு 'நியூஸ்பேட்' என்றே பெயர். 1956 முதல் இலங்கையையே வீடாகக் கொண்டு வாழ்ந்த கிளார்க், 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார். தம் கற்பனை ஐபேடாகக் கடைக்கு வந்ததையும் அவர் பார்க்கவில்லை, வழக்குக்கு வந்ததையும் பார்க்கவில்லை.

எனக்கு இவ்விடத்தில் அதிகம் நெருக்கமாகத் தோன்றும் மனிதர் ரோஜர் ஃபிட்லர். இவர் பொறியாளர் அல்லர், செய்தித்தாள் வடிவமைப்பாளர். நைட்-ரிடர் என்ற அமெரிக்கப் பத்திரிகைக் குழுமத்துக்காகக் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஓர் ஆய்வகம் நடத்தினார். தாளில்லாச் செய்தித்தாள் ஒன்றைக் கையில் ஏந்திப் படிக்கலாம் என்பது அவர் கனவு. 1994இல் அதை விளக்கி ஒரு காணொளியும் வெளியிட்டார். இன்றும் இணையத்தில் காணக் கிடைக்கும் அதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். மெல்லிய பலகை, மழுங்கிய முனைகள், செய்தித்தாளின் முதற்பக்கத்தைப் போன்றே அடுக்கப்பட்ட செய்திகள், தொட்டால் விரியும் கட்டுரை. ஆனால் அப்படி ஒரு கருவி செயல்படும் நிலையில் அவரிடம் இருக்கவில்லை. இருந்தது மாதிரி வடிவம். அடுத்த ஆண்டே அந்த ஆய்வகம் மூடப்பட்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் செயல்படாத மாதிரிதான் நீதிமன்றத்தில் முன்னுதாரணமாக வந்து நின்றது. 2011 டிசம்பரில் லூசி கோ, ஃபிட்லரின் பலகையைச் சுட்டிக்காட்டி ஆப்பிளின் காப்புரிமை செல்லுமா என்பதில் ஐயம் எழுப்பித் தடை விதிக்க மறுத்தார். 2012 மேயில் மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; ஃபிட்லரின் பலகை தரும் தோற்றமே வேறு என்றது. சூன் 26 அன்று அதே நீதிபதி கோ, கேலக்ஸி டேப் 10.1இன் விற்பனைக்குத் தடை விதித்தார். ஆகஸ்டு 24 அன்று நடுவர் குழு தன் முடிவை அறிவித்தது. சாம்சங் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற தலைப்புச் செய்திதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே முடிவில், கேலக்ஸி டேப் 10.1 ஐபேடின் வடிவமைப்புக் காப்புரிமையை மீறவில்லை என்றும் இருந்தது! மூன்று மாதமாக விற்பனைக்குத் தடைபட்டிருந்த பலகைக்கு அக்டோபர் 1 அன்று தடை நீங்கியது. அதற்குள் அந்தப் பலகை பழையதாகிவிட்டிருந்தது. இரு நிறுவனங்களும் தம் அமெரிக்க வழக்கைச் சமரசம் செய்துகொண்டது 2018இல்.

இடையில் ஒன்று. 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் கபில் சிபல், மாணவர்களுக்கான மலிவு விலைப் பலகையாகிய 'ஆகாஷ்' கருவியை வெளியிட்டார். அதே தேதியில் கலிபோர்னியாவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தார். ஆகாஷின் கதை தனியாக எழுத வேண்டியது.

சரி, நான் வாங்கிய கதைக்கு வருகிறேன். 2012இன் தொடக்கம். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்ததால் முடிவெடுக்கப் பல வாரம் பிடித்தது. ஒப்பீட்டுக் கட்டுரைகளை எல்லாம் படித்தேன். அவற்றில் எதிலும் என் கேள்வி இல்லை. தமிழ்நூல் படிக்க எது நல்லது என்பதே என் கேள்வி. அப்போது எனக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, பழைய பதிப்புகளின் ஒளிவருடப்பட்ட பக்கங்கள். இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் கோப்புகள். ஈழத்து நூல்களை நூலகம் திட்டம் 2005 முதல் இவ்வாறு ஏற்றிக்கொண்டிருந்தது. மற்றது, அன்றாடம் வெளிவரும் இணைய இதழ்களும் வலைப்பதிவுகளும். இவை ஒருங்குறியில் இருப்பவை.

ஒருநாள் மாலை அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் நூல்களில் பெரும்பாலானவை டெம்மி அளவு. பக்கம் 14 செண்டிமீட்டர் அகலம், 21.5 உயரம். கேலக்ஸி டேப் 10.1இன் திரையை நிமிர்த்திப் பிடித்தால் 13.6 அகலம், 21.7 உயரம். கணக்குப் போட்டவுடன் நம்பமுடியாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன். திரைப்படத்துக்கென்று செய்ததாக எல்லோரும் சொன்ன அந்தத் திரை, நிமிர்த்திப் பிடித்தால் ஒரு டெம்மிப் பக்கம்! ஐபேடின் திரை 14.8 அகலம், 19.7 உயரம். டெம்மிப் பக்கம் முழுவதையும் அதில் அடக்கினால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும்; இருபுறமும் வெற்றிடம் வீணாகும். புள்ளிக் கணக்கில் இது இன்னும் தெளிவு. ஐபேட் 2இல் அந்தப் பக்கத்தின் அகலத்துக்குக் கிடைப்பது சுமார் 670 புள்ளிகள். சாம்சங்கில் 800. ஆங்கில எழுத்துக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. மங்கிய அச்சில், மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும் நமக்குப் பெரிது. முதலில் வந்த ஏழு அங்குலத்தின் திரை 9 செண்டிமீட்டர்தான் அகலம். அதில் பழம்பதிப்பைப் படிப்பதைக் கண் மருத்துவர்கள் வேண்டுமானால் பரிந்துரைக்கலாம்.

இது பாதிக் கணக்கு. மறுபாதியில் தராசு அப்படியே சாய்ந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஒருங்குறிப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஆப்பிளின் இயங்குதளத்தில் அந்நேரம் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடத்தில் நின்றன. அந்த எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம் எம்என்'. அந்த எம்என், மலேசியாவின் முத்து நெடுமாறனுடைய பெயரின் முதலெழுத்துகள். முரசு அஞ்சல் அவர் உருவாக்கியது என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். பத்தடித் தூரத்தில் வேறுபாடு தெரியாத இரண்டு பலகைகளில் ஒன்றுக்குத் தமிழ் தெரியும், மற்றதற்குத் தெரியாது. எந்த ஒப்பீட்டுக் கட்டத்திலும் அந்த வரி இல்லை. இருக்கவும் நியாயமில்லை.

ஆண்ட்ராய்ட் வைத்திருந்த தமிழர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். ஓபரா மினி என்ற உலாவியின் முகவரிப் பெட்டியில் ஒரு கட்டளையைத் தட்டினால் மறைந்திருக்கும் அமைப்புப் பக்கம் திறக்கும். சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பு என்பதற்கு அதில் ஆம் என்று சொல்ல வேண்டும். பிறகு தொலைவில் உள்ள வழங்கியில் தமிழ் எழுத்து வரையப்பட்டு, படமாக நம் திரைக்கு வரும். படிக்கலாம். ஆனால் அது எழுத்தன்று. அதைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது.

ஆகவே தேர்வு இப்படி வந்து நின்றது. பழைய தமிழைப் படிக்க ஒன்று, புதிய தமிழைப் படிக்க மற்றொன்று. நண்பர் ஒருவர், இவரும் தமிழாசிரியர்தான், தயங்காமல் ஐபேட் வாங்கினார். எழுத்தை எழுத்தாகக் காட்டாத கருவி எனக்கு எதற்கு என்றார். அவர் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். மென்பொருள் மாறும், திரையின் அளவு மாறாது என்பது என் பதிலாக இருந்தது. அதுவும் பொய்யில்லை; ஆண்ட்ராய்டுக்குத் தமிழ் வந்தது. ஐபேடில் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்தே வந்தது 2013இல், ஐஓஎஸ் 7உடன். ஆனால் மென்பொருள் மாறும்வரை என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கடைக்குப் போகும்முன் ஒரு வெள்ளைத்தாளை டெம்மி அளவுக்கு வெட்டி மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்து எடுத்துச் சென்றேன். காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பலகைகளின் மேலும் அதை மாறிமாறி வைத்துப் பார்த்தேன். விற்பனைப் பையன் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஸ்கிரீன் கார்டுக்கு அளவு எடுக்குறீங்களா? அதெல்லாம் நாங்களே ஒட்டித் தருவோம் சார்" என்றான். புத்தகப் பக்கம் தம்பி, என்றேன். அவனுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. "படிக்கிறதுக்குன்னா ஐபேட் எடுங்க சார், எல்லாரும் அதான் எடுக்குறாங்க" என்றான். நான் மற்றதைக் காட்டினேன்.

மூன்று ஆண்டுகள் அதில் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடை பற்றி அக்காலத்தில் எழுதிய கட்டுரைகளுக்கான பக்கங்கள் எல்லாம் அதில் படித்தவையே. பழம்பதிப்புகள் ஒளிவருடிய படங்கள். இணைய இதழ்கள் ஓபரா மினி வரைந்து தந்த படங்கள். அந்தப் பலகையில் தமிழ் முழுவதும் எனக்குப் படமாகத்தான் கிடைத்தது. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஒரு வரியைப் படியெடுக்க முடியாது. அதனால் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வேண்டியதைக் கையால் எழுதிக்கொண்டே படித்தேன். அப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்தன. பலகையின் மின்கலம் 2016 வாக்கில் உப்பிவிட்டது. நோட்டுகள் என் மேசையில் இருக்கின்றன.